மடக்கினால் செத்துப்போகும் பேட்டரி

செப்டம்பர் 19, வெள்ளி

ஆய்வகக் குறிப்பேட்டில் திட்ட முடியாது. திட்டினால் சார் சிவப்பு மையில் வட்டம் போடுவார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

இன்று மூன்று பேட்டரி செத்தன. மூன்றும் நான் அச்சடித்தவை. துத்தநாகப் பொடியை ஒரு மையாகவும், மாங்கனீசு, கார்பன் பொடிகளை இன்னொரு மையாகவும் குழைத்து, ஊசிக்குழாயில் அடைத்து, த்ரீடி பிரிண்டரில் மாட்டினால், அது ரப்பர் போன்ற மெல்லிய தாளில் கோடு கோடாக, அடுக்கு மேல் அடுக்காகப் போட்டுக்கொண்டே போகும். நடுவில் ஒரு கூழ். மேலே இன்னொரு தாள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் வாழையிலைத் துண்டு மாதிரி தொங்கும். மடக்கும் மோட்டாரில் மாட்டி நூறு தடவை மடக்குவதற்குள் கோடு வெடித்து, செத்துப்போகும்.

திட்ட விண்ணப்பத்தில் ஆயிரம் தடவை மடக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். நான் எழுதவில்லை. சார் எழுதியது.

சார் என்றால் டாக்டர் சங்கரநாராயணன், என் கைடு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் டிசம்பரில் முடியும் என் பிஎச்.டி.யின் ஆறு வருடக் கெடு இன்னொரு வருடம் நீளும். அதனால் அவரைத் திட்டுவதையும் இந்த நோட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊருக்குப் போனேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை கடல் தொழில் கிடையாது என்பதால் பூசை முடிந்ததும் ஆண்கள் எல்லாம் மாதா கோயில் வாசலிலேயே நின்று கதையளந்தார்கள். நடுவில் என் அண்ணன் ரெமிஜியூஸ். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினான்.

"இந்தா வந்துட்டால்லா! ஏட்டி, சொல்லு. தண்ணில விழுந்தா தன்னால எரியும் என்னா?"

எரியும் என்றேன். அதுதான் திட்டம். மிதவைச் சட்டையின் தோளில் ஒரு சின்ன விளக்கு, முதுகில் எங்கள் பேட்டரி. தண்ணீர் பட்டதும் விளக்கு எரிய வேண்டும், இருட்டில் தேடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். இதற்கு முன்னால் யாரோ கொடுத்த சட்டையில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. வலை இழுக்கும்போது விலாவில் குத்துகிறது என்று எல்லாரும் கழற்றிப் படகின் மூலையில் எறிந்துவிட்டார்கள். எங்களுடையது குத்தாது. அது உண்மை.

முதல் இருபத்தைந்து சட்டை எங்கள் ஊருக்குத்தான். அண்ணன்தான் பேர் சேர்த்திருக்கிறான். மடக்கினால் செத்துப்போகும் என்பதைச் சொல்லவில்லை. அதற்குள் சரிசெய்துவிடுவேன்.

செப்டம்பர் 24, புதன்

ஆய்வகத்தில் என் ஜூனியர் இசக்கிமுத்து பன் வாங்கி வந்தான். பசி, தின்றேன். வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

எரிகிறது. விளக்கு இல்லை, வயிறு.

அக்டோபர் பத்தாம் தேதி மதிப்பீட்டுக் குழு சென்னையிலிருந்து வருகிறது. அன்றைக்கே கல்லூரி அரங்கில் ஊர்க்காரர்களுக்குச் சட்டை வழங்கும் விழா. கலெக்டர் வருகிறார். பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த நூறு மடக்குப் பேட்டரிகளை வைத்தே இருபத்தைந்து சட்டைகளையும் தைத்து முடித்துவிட்டார்கள். "பிறகு நல்லது வந்தா மாத்திக்கலாம்" என்றார் சார்.

அதுவாவது பரவாயில்லை. மத்தியானம் என்னையும் இசக்கியையும் அறைக்குக் கூப்பிட்டார். மேடையில் காட்டுவதற்கென்று ஒரு சட்டை தனியாக, நீல ரிப்பன் கட்டி வைத்திருந்தார். அதன் உள்தையலுக்குள் கடிகாரத்தில் போடும் வட்ட பேட்டரி ஒன்றை வைத்துத் தைக்கவேண்டுமாம்.

"நம்ம பேட்டரியும் இருக்கும். இது ஒரு துணைக்கு. மேடையில சொதப்பக் கூடாதில்லையா?"

"அப்ப எரியறது எது சார்?"

"ஜெனோவா, கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கு இரவல் மோதிரம் போடறதில்லையா? அதுக்காக கல்யாணம் பொய்யா?"

இரவல் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு யாரும் கடலில் குதிப்பதில்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் இசக்கி தலையை ஆட்டினான். அவனுக்கும் டிகிரி வேண்டும். அவன் தலையாட்டியதில் எனக்கு ஒன்றும் வருத்தம் கிடையாது. ஆனால் நாளை அவன் பன் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது இயந்திரங்களுக்கு ஆயுத பூஜை ஓய்வாம்!

காலையில் இரண்டு மையையும் நுரைக்க நுரைக்கக் கடைந்து ஊசிக்குழாய்களில் அடைத்தேன். பிரிண்டரில் மாட்டப் போனால் அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. சார் வேட்டி கட்டி வந்திருந்தார்.

"பொட்டு வெச்சாச்சும்மா. இனி வெள்ளிக்கிழமைதான் தொடணும்."

"சார், மை கடைஞ்சிட்டேன். ஒரு மணி நேரத்துல அடிச்சிருவேன்."

"பூஜையில வெச்ச ஆயுதத்தை மறுபூஜைக்கு முன்னால எடுக்கிற பழக்கம் இந்தக் கட்டடத்துல கிடையாது. மை போனா போகட்டும்."

நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண் என்பதால் எதிர்த்துப் பேசினால் வேறு மாதிரி ஆகிவிடும். பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஊசிக்குழாய்களை முனை கீழே இருக்கும்படி தாங்கியில் நிறுத்திவிட்டு விடுதிக்கு வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன மையைக் கொட்டிவிட வேண்டும் என்பது சாரின் விதி. அதைக் கொட்டக்கூட மனமில்லை. அவ்வளவு கோபம்.

அக்டோபர் 1, புதன்

துணி துவைத்தேன். பொரிகடலை தீர்ந்தது. கோபம் தீரவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பழைய மையையே அச்சடித்தேன். விதி எனக்கும் தெரியும். புது மை கடைந்தால் அரை நாள் போகும், துத்தநாகப் பொடியும் டப்பாவின் அடியைத் தொட்டுவிட்டது. கெட்டுப்போன மை கெட்டுப்போன பேட்டரியைத் தரும், அவ்வளவுதானே? நல்ல மை மட்டும் என்னத்தைத் தந்தது?

அக்டோபர் 4, சனி

காலையில் மடக்கும் மோட்டாரில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது இருநூறு. விளக்கு எரிந்தது. எண்ணும் கருவி பழுது என்று நினைத்து நிறுத்தி, கையால் பத்து தடவை மடக்கினேன். எரிந்தது. இசக்கியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டிவி பார்ப்பதுபோல் அதையே பார்த்தோம். ஆயிரம் தாண்டியது. அணையவில்லை!

"குங்குமம் வெச்சதுல்லா?" என்றான் இசக்கி.

"மண்ணாங்கட்டி" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் போல, அவனும் சிரித்தான்.

ஒரு தடவை நடந்தால் அது அதிர்ஷ்டம். அதனால் டப்பாவில் மீதமிருந்த பொடியையெல்லாம் வழித்து மை கடைந்தேன். பாதியை உடனே அச்சடித்தேன். மீதிப் பாதியை அதே தாங்கியில் நிறுத்தியிருக்கிறேன், திங்கள் காலை வரை. இந்தமுறை பொட்டு வைக்கவில்லை. இசக்கி வைக்கட்டுமா என்று கேட்டான். கையில் அடித்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

உடனே அடித்தது தொண்ணூறில் செத்தது. நிறுத்திவைத்த மையில் நான்கு பேட்டரி வந்தன. ஒன்றை மோட்டாரில் மாட்டியிருக்கிறேன், ஓடிக்கொண்டே இருக்கிறது.

காரணத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். அவ்வளவு சின்னக் காரணம். கடையக் கடைய மைக்குள் காற்று போகிறது. உடனே அடித்த கோடு முழுக்க ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொத்தல். மடக்கும்போது அந்தப் பொத்தலில்தான் வெடிக்கிறது. இரண்டு நாள் நின்ற மையில் காற்றெல்லாம் மேலே ஏறிப் போய்விட்டது, பசையும் நன்றாக ஊறிவிட்டது. பொத்தலே இல்லை.

அந்த ஒரு மணி நேர விதி தண்ணியான மை இருந்த காலத்தில் போட்டது. அப்போது நிறுத்தினால் பொடி அடியில் தங்கிவிடும். மையைக் கெட்டியாக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மையை மாற்றினோம், விதியை மாற்றவில்லை. சார் சொன்னால் சொன்னதுதான் என்று நாங்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக நல்ல மையைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். கடைசியில் அதை மீற ஒரு சரஸ்வதி தேவைப்பட்டாள். மாதா என்னை மன்னிக்கட்டும், இன்றைக்கு அந்த அம்மாளுக்கும் ஒரு நன்றி சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாரிடம் ஓடினேன். படங்களை வரிசையாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக "சபாஷ்" என்றார்.

"அப்ப விழாவைத் தள்ளி வைப்போம் சார். புதுப் பொடி வர மூணு வாரம். அதுக்கப்புறம் இருபத்தஞ்சையும் மாத்திட்டு..."

மலர்ந்த முகம் மூடிக்கொண்டது.

"கலெக்டர் தேதி திரும்பக் கிடைக்குமா? இப்போ உள்ளதைக் குடுப்போம். நவம்பர்ல மாத்தி குடுத்திருவோம்."

"மழையும் காத்தும் நவம்பர் வரைக்கும் காத்திருக்குமா சார்? ஜாக்கெட் இருக்குன்ற தைரியத்துல போவாங்க. ரெண்டு நாள் மேல உக்காந்தா போதும், உள்ள செத்துரும். செத்தது வெளிய தெரியாது."

"உங்க அண்ணன் அந்த லிஸ்ட்ல இருக்கார்ங்கறதால உணர்ச்சிவசப்படறீங்க."

ஆமாம், அண்ணன் இருக்கிறான். இல்லாவிட்டாலும் இருபத்து நாலு பேர் இருக்கிறார்கள். அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் அப்படியே எழுதிவைக்கிறேன்: "நீட்டிப்புத் தாள் என் மேசையிலதான் இருக்கு ஜெனோவா. விழா நல்லபடியா முடியட்டும்."

நான் பயப்படவில்லை. மதியம் சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது விடுதிச் சாம்பார்.

அக்டோபர் 8, புதன்

மோட்டாரில் ஓடிய பேட்டரி மூவாயிரம் தாண்டி இன்று அணைந்தது. மீதி மூன்றையும் மூன்று வெறும் சட்டைகளில் நானே தைத்தேன். கையில் இரண்டு இடத்தில் ஊசி ஏறியது.

அக்டோபர் 9, வியாழன்

நீல ரிப்பன் சட்டையைப் பிரித்து அந்த வட்ட பேட்டரியை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, பிளேடோடு ஆய்வகத்துக்குப் போனேன். இசக்கி அங்கே உட்கார்ந்து அந்தத் தையலை மூடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பன் சுற்றிய தாளில் வட்ட பேட்டரி.

"எடுத்துட்டேன். இனி உள்ள நம்மளுது மட்டும்தான்."

"உன்னை யாரு எடுக்கச் சொன்னா? உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. சாருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். கேட்டா நான்தான்னு சொல்லுவேன். நீ சொல்லாத."

பயங்கரக் கோபம் வந்தது. இது நான் செய்ய வேண்டிய வேலை. என்னைக் கேட்காமல் செய்ய இவன் யார்? அந்தக் கோபத்திலேயே பாதிப் பன்னைப் பிடுங்கித் தின்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையிலிருந்து ஒன்பது டீ.

அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் கலெக்டர், குழுத் தலைவர் டாக்டர் வசுந்தரா, இன்னும் இரண்டு பேர். பின்னால் ஊர்க்காரர்கள் இருபத்தைந்து பேரும், தொழிலுக்குப் போகாமல், தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான். மேடையில் தண்ணீர்த் தொட்டி. ஒரு மேசையில் இருபத்தைந்து சட்டை மலையாக. தனியாக நீல ரிப்பன்.

சார் அரை மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பிறகு, "இப்போ எங்க ஆய்வாளர் ஜெனோவா செய்து காட்டுவாங்க" என்றார். நீல ரிப்பன் சட்டையை என் கையில் கொடுத்தார்.

நான் அதை மேசையில் வைத்துவிட்டேன். மலையிலிருந்து மேலே கிடந்த ஒன்றை எடுத்தேன்.

"அண்ணே, மேல வா. படகுல எப்படிப் போடுவியோ அப்படிப் போடு."

அவனுக்கு உற்சாகம். சட்டையைச் சுருட்டினான், முறுக்கினான், நாற்காலிக்கு அடியில் திணித்து மிதித்தான், எடுத்து மேலே உட்கார்ந்து குதித்தான். அரங்கே சிரித்தது. கலெக்டரும் சிரித்தார். சார் மட்டும் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. விடாமல் இன்னும் செய் என்றேன். கை சளைக்கும்வரை செய்தான். பிறகு தொட்டியில் போட்டான்.

எரியவில்லை.

இரண்டாவது. எரியவில்லை. மூன்றாவது லேசாக மினுங்கி அணைந்தது. சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. அண்ணன் முகத்தில் எண்ணெயும் வியர்வையும். "ஏட்டி, என்னட்டி இது?" என்று மெதுவாகக் கேட்டான். அந்தக் கேள்வி என்னை அறைந்தது. இதை அவனிடம் மூன்று வாரம் முன்னாலேயே கோயில் வாசலில் சொல்லியிருக்க வேண்டியது.

மைக்கை வாங்கினேன். மைக்கில் ஏதோ கோளாறு, என் குரல் உதறி உதறித்தான் வந்தது.

"இந்த இருபத்தஞ்சும் நூறு மடக்கு தாங்காது. இதை வாங்கிட்டுக் கடலுக்குப் போகாதீங்க."

பிறகு நான் தைத்த மூன்றில் ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன். இந்தமுறை அவனுக்குச் சிரிப்பு இல்லை. என் மேலுள்ள கோபத்தையெல்லாம் அந்தச் சட்டை மேல் காட்டினான். தொட்டியில் எறிந்தபோது தண்ணீர் கலெக்டர் வரை தெறித்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. யாரோ கை தட்டினார்கள்.

"கை தட்டாதீங்க. இது மாதிரி மூணுதான் இருக்கு. இதையும் உப்புத் தண்ணியில இன்னும் சோதிக்கல."

வசுந்தரா மேடம் சாரிடம், "விண்ணப்பத்துல ஆயிரம்னு போட்டிருக்கீங்களே?" என்றார். மேடம் என்னிடம் காரணம் கேட்டார், பொத்தல் படங்களைக் காட்டினேன். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வருவோம், அப்போது உண்மையான எண்ணிக்கையைக் காட்டுங்கள் என்றார். சட்டை வழங்கவில்லை. ஊர்க்காரர்கள் டீயும் மக்ரூனும் சாப்பிட்டு வேன் ஏறினார்கள். அண்ணன் மக்ரூனைத் தொடவில்லை, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுபடி அதே மேடை கிடைத்தாலும் இதையேதான் செய்வேன்.

அக்டோபர் 13, திங்கள்

சார் கூப்பிட்டார். கத்துவார் என்று தயாராகப் போனேன். கத்தவில்லை.

"மே மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். இருபத்தெட்டு வருஷமா பேப்பர் போட்டிருக்கேன். ஒரு பொருள்கூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போனதில்லை ஜெனோவா. ஒண்ணாவது போகணும்னு நினைச்சேன்."

பாவமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவருக்குப் பாவம் பார்த்தால் கடலில் கிடக்கிறவனுக்கு யார் பார்ப்பது?

அனுமதியில்லாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். கொடுத்தால் நீட்டிப்பில் கையெழுத்து. நீல ரிப்பன் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அக்டோபர் 15, புதன்

அம்மா போன் செய்தாள். அண்ணன் என் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறானாம். ஊரில் கேலியாம். கடிதத்துக்கென்று ஒரு தாள் எடுத்துத் தேதி போட்டேன். பிறகு அதன் மேலேயே மடக்குச் சோதனைப் படம் வரைந்துவிட்டேன். இசக்கி பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க" என்றான். அவன் நல்லவன். இதை இங்கே எழுதியது கைதவறி.

அக்டோபர் 17, வெள்ளி

பத்து மணிக்கு சார் அறைக்குப் போனேன்.

"கடிதம்?"

"எழுதல சார். எழுதவும் மாட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாய் திறப்பதற்குள் வராந்தாவில் வாட்ச்மேன் யாரையோ தடுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அண்ணன். கூடவே ஊர்க்காரர் நாலு பேர். கடலிலிருந்து வந்த கையோடு, உப்புப் பூத்த கால்களோடு நின்றார்கள்.

அண்ணன் என்னிடம் பேசவில்லை. சாரிடம் பேசினான்.

"அன்னைக்குத் தாறேன்னு சொன்ன ஜாக்கெட்டெல்லாம் எங்க சார்?"

"அது சரியில்லைன்னு உங்க தங்கச்சியே சொல்லிட்டாங்களேப்பா."

"சரியில்லன்னு தெரிஞ்சுதான் கேக்கோம். அத நம்பிக் கடலுக்குப் போக மாட்டோம், டார்ச்சு இடுப்புல கெடக்கு. நாங்க உடுத்தி, கசக்கி, நனைச்சு, எது எங்கன ஒடையுதுன்னு கொண்டாந்து தாறோம். புதுசு செய்யும்போது ஒதவும்லா?"

அண்ணன் இப்போதுதான் என் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"ஊருல கேக்கான், ஒன் தங்கச்சி ஆறு வருசமா என்னத்தல படிச்சான்னு. எரியாதத எரியாதுன்னு சொல்லப் படிச்சிருக்கான்னு சொல்லிட்டேன். இனி ஒருத்தனும் கேக்க மாட்டான்."

நான் அழுதேன். சார் முன்னாலேயே, மூக்கைச் சிந்திக்கொண்டு.

"இவங்கள்லாம் யாரு, என்ன கணக்குல உள்ள விடறது?" என்றார் சார், வாட்ச்மேனிடமா என்னிடமா என்று தெரியாத குரலில்.

"சோதனைக் குழு சார்" என்றேன்.

நீட்டிப்புத் தாள் மேசையில் அவருக்கு முன்னால் கிடந்தது. அதை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிழித்தாலும் கடிதம் கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கையெழுத்தும் போடாமல், கிழிக்கவும் செய்யாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, பேனா இருக்கும் பக்கமாக வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வரச் சொல்லுங்க."

அண்ணன்தான் முதலில் கழற்றினான்.